ரேடியேட்டர் உட்கார மறுத்த 32 ஃபோர்டு

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தே முக்காலுக்கு என் மாடல் காரின் மூக்கில் ரேடியேட்டர் கூடு ஒருவழியாக உட்கார்ந்தது. பசை போடவில்லை, சும்மா வைத்துப் பார்த்ததுதான். ஒன்றே கால் மில்லிமீட்டர் இடைவெளி மூன்று வாரமாகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அது போய்விட்டது. சித்திரையில் ஆரம்பித்த வேலை, இப்போது கார்த்திகை. எங்கெங்கே கோட்டை விட்டேன் என்பது மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன்.

செய்தது 1932 ஃபோர்டு ஃபைவ் விண்டோ கூபே, அதாவது முன்கண்ணாடி தவிர ஐந்து ஜன்னல் உள்ள இரண்டு கதவு வண்டி. பாகங்களை ஒட்டிச் சேர்க்கும் 1/25 அளவு பிளாஸ்டிக் கிட், ஹாட் ராட் பாணி. தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: தெற்குக் கலிஃபோர்னியாப் பையன்கள் 1930களிலிருந்தே, இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய பிறகு இன்னும் அதிகமாக, பழைய ஃபோர்டுகளை மலிவாக வாங்கி, மட்கார்டைக் கழற்றி, எஞ்ஜினைக் குடைந்து, எல் மிராஜ் மாதிரியான வறண்ட ஏரிப் படுகைகளில் விரட்டிப் பார்த்தார்கள். அந்த வண்டிகள்தான் ஹாட் ராட். அதில் 32க்குத் தனி மவுசு. சாதாரண ஆள் வாங்கும் விலையில் எட்டு சிலிண்டர் வி8 எஞ்ஜின் வந்தது அந்த வருஷம்தான். 221 கன அங்குலம், 65 குதிரைசக்தி. வருஷத்தின் கடைசி எண் இரண்டு என்பதால், சீட்டுக்கட்டில் இரண்டுக்கு உள்ள ‘டியூஸ்’ என்ற பெயரே இந்த வண்டிக்கும் செல்லப்பெயராக ஒட்டிக்கொண்டது. எனக்குப் பிடித்த காரணம் வேறு. மட்கார்டைக் கழற்றினால் சேஸிஸ் சட்டத்தின் பக்கவாட்டில் நீளமாக ஒரு அழுத்தக் கோடு தெரியும். மற்ற வண்டிகளுக்கு மட்கார்டைக் கழற்றினால் உள்பாவாடை தெரிந்த மாதிரி இருக்கும். இதற்கு மட்டும் அதுவும் அழகு.

கிட்டைப் பிரித்ததும் முதல் வேலையாக வெர்னியர் வைத்தேன். நிஜ வண்டியின் வீல்பேஸ், அதாவது முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை, 106 அங்குலம். 25-ஆல் வகுத்தால் 107.7 மி.மீ. சேஸிஸில் 107.5 வந்தது. பரவாயில்லை, யோக்கியமான கிட்.

பெட்டியில் உள்ளபடியே ஒட்டியிருந்தால் இரண்டு மாதத்தில் முடிந்திருக்கும். கூரையைத் தாழ்த்த ஆசைப்பட்டேன். ஹாட் ராட்காரர்கள் இதைச் ‘சாப்’ என்பார்கள்: ஜன்னல் தூண்களில் ஒரு துண்டை அறுத்தெடுத்துவிட்டுக் கூரையைக் கீழே இறக்கி ஒட்டுவது. காற்று குறைவாக மோதும், பார்க்கவும் முறைக்கிற மாதிரி இருக்கும். மூன்று அங்குலம் இறக்குவதாக முடிவு. 1/25-இல் அது 3.05 மி.மீ. மாஸ்கிங் டேப் சரியாக 3 மி.மீ அகலத்தில் கிடைக்கிறது. அளக்கவே வேண்டாம், தூண்களைச் சுற்றி டேப்பை ஒட்டி, அதன் இரண்டு ஓரத்திலும் அறுத்தால் போதும். பின்பக்கம் மட்டும் டேப்பை ஜன்னலுக்குக் கீழே இறக்கி ஒட்டினேன். இல்லாவிட்டால் பின் ஜன்னல் தபால் பெட்டி வாய் மாதிரி ஆகிவிடும்.

அறுக்க மாடல் ரம்பம் வாங்கவில்லை. கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கம் பொன்வேலைச் சாமான் விற்கும் கடையில் நூல் மாதிரி ரம்ப பிளேடு டஜன் 120 ரூபாய். வில்லில் மாட்டும்போது பல் கைப்பிடியைப் பார்க்க வேண்டும், இழுக்கும்போதுதான் வெட்டும். கடைக்காரர் ஒன்று சொன்னார்: “மெழுகுவத்தியில ஒரு இழுப்பு இழுத்துட்டு அறுங்க. அமுக்காதீங்க, அது பாட்டுக்குப் போகும்.” அமுக்கினேன். நான்கு பிளேடு போச்சு. பிறகு அமுக்கவில்லை. பிளேடின் தடிமன் 0.2 மி.மீ சொச்சம்தான், ஆனால் டேப்புக்கு வெளியே அறுத்தால் இரண்டு வெட்டும் சேர்ந்து 0.4 தின்றுவிடும். நிஜ வண்டியில் அது ஒரு சென்டிமீட்டர். அதனால் டேப்பின் மேலேயே, ஓரத்துக்கு உள்ளே அறுத்து, மிச்சத்தை அரத்தால் கோடு வரை தேய்த்தேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் முதல் தடவையே புத்தியாக நடந்துகொண்டேன்.

கூரையை எடுத்து உடம்பின் மேல் வைத்தேன். பின்பக்கம் பொருந்தியது. முன்தூண்கள் இரண்டும் தாங்கள் நிற்க வேண்டிய இடத்துக்கு 1.4 மி.மீ பின்னால் அந்தரத்தில் தொங்கின.

யோசித்தால் குழந்தைக்கும் புரியும். வண்டி மேலே போகப்போகக் குறுகுகிறது. நடுவில் ஒரு வளையத்தை எடுத்துவிட்டால் மேல் துண்டின் அடிப்பாகம் கீழ்த் துண்டின் மேல்பாகத்தைவிடச் சின்னதாகத்தானே இருக்கும்? அறுத்து முடிக்கும் வரை இது எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்து செய்தது இன்னும் மோசம். கொதிக்கிற தண்ணீரில் நனைத்து முன்தூண்களை வளைத்துச் சரிக்கட்டப் பார்த்தேன். வலது தூண் வளைந்தது. இடது தூண் ‘டிக்’.

ஒரு வாரம் பெட்டியை மூடி அலமாரி மேல் வைத்துவிட்டேன்.

நிஜ வண்டியை அறுக்கிறவர்கள் இதே சிக்கலுக்குக் கூரையையே குறுக்கே அறுத்து நடுவில் தகடு வைத்து நீட்டுகிறார்கள். நானும் கதவு ஜன்னலுக்கு மேலே கூரையைக் குறுக்கே வெட்டினேன், இந்தத் தடவை அமுக்காமல். நடுவில் 1.5 மி.மீ ஸ்டைரீன் பிளாஸ்டிக் பட்டை. ஒட்டிக் காய்ந்ததும் 0.1 தேய்த்து 1.4 ஆக்கினேன். உடைந்த தூணில் இரண்டு முனையிலும் 0.5 மி.மீ துளை போட்டு உள்ளே பித்தளைக் கம்பித் துண்டைச் சொருகி ஒட்டினேன். இப்போது அந்தத் தூண்தான் வண்டியிலேயே பலமான இடம். வளைத்த வலது தூணையும் நிமிர்த்தி அதே மாதிரி கம்பி வைத்தேன். பக்கவாட்டில் தூண்கள் ஆளுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தன. ஃபெவிக்விக் ஒரு சொட்டு, அதன் மேல் குழந்தைப் பவுடர் ஒரு சிட்டிகை, கலந்தால் நல்ல பட்டி. ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். மறுநாள் போய்த் தேய்த்தால் பட்டி கல்லாக இருக்கும், பக்கத்திலுள்ள பிளாஸ்டிக்தான் கரையும்.

இதில் எதிர்பாராத லாபம் ஒன்று. 32-இல் கூரை முழுக்க இரும்பு கிடையாது, நடுவில் துணி போர்த்திய செவ்வகம் ஒன்று உண்டு. கிட்டில் அதன் சொரசொரப்பைப் பிளாஸ்டிக்கிலேயே வார்த்திருந்தார்கள். வெட்டி ஒட்டியதில் அது பாழாகிவிட்டது. முழுக்க வழித்துவிட்டு, மெடிக்கல் ஷாப்பில் காயத்துக்கு ஒட்டத் தரும் மைக்ரோபோர் டேப்பை அந்த அளவுக்கு வெட்டி ஒட்டி, மேலே மங்கலான கறுப்பு அடித்தேன். கிட்டில் இருந்ததைவிட இது அசல் துணி.

கூரை இறங்கியதால் கிட்டோடு வந்த கண்ணாடிகள் ஒன்றும் பொருந்தவில்லை. ஜெராக்ஸ் கடையில் பழைய ஓ.ஹெச்.பி. ஷீட் ஒன்று கேட்டு வாங்கி வெட்டினேன். இதை ஒட்ட ஃபெவிகால்தான். ஃபெவிக்விக் போட்டால் அதன் ஆவி படிந்து கண்ணாடிக்குக் கண்புரை வந்துவிடும்.

குரோம் பற்றிச் சுருக்கமாக. கிட்டின் குரோம் பாகங்கள் எவர்சில்வர் டம்ளரைவிட அதிகமாக மின்னின, அச்சுக் கோடுகளும் அப்படியே. வெள்ளைத் துணிக்குப் போடும் பிளீச் திரவத்தில் முக்கால் மணி நேரம் போட்டால் எல்லாம் உரிந்துவிடுகிறது. கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், டாய்லெட் கழுவும் ஆசிட் பக்கத்திலேயே வரக்கூடாது; இரண்டும் கலந்தால் குளோரின் வாயு. உரித்துத் தேய்த்த பாகங்களுக்கு முதலில் பளபளக் கறுப்பு, இரண்டு நாள் கழித்து அதன் மேல் மாடல்காரர்களுக்கென்றே வரும் குரோம் பெயின்ட், ஏர்பிரஷில் (காற்றால் பெயின்ட் தூவும் பேனா) 12 பி.எஸ்.ஐ அழுத்தத்தில் புகை மாதிரி. கறுப்பு எவ்வளவு வழவழப்போ அவ்வளவுதான் குரோம்.

உடம்புக்கும் கறுப்புதான், சக்கரங்களுக்குச் சிவப்பு. இந்த ஜோடிக்கு மேல் இந்த வண்டிக்கு வேறு நிறம் தேவையில்லை என்பது என் கட்சி. ஆனால் கறுப்பு எதையும் மறைக்காது. பிரைமர் அடித்து ஆயிரம் நம்பர் தண்ணித்தாளில் தேய்த்தபோது கண்ணுக்கே தெரியாத கூரை ஒட்டு, முதல் கோட் கறுப்பில் தழும்பாக எட்டிப்பார்த்தது. மறுபடி பட்டி, மறுபடி பிரைமர். இப்படி மூன்று சுற்று. ஆவணியும் புரட்டாசியும் இதிலேயே போய்விட்டன.

அதனால் முக்கியமான கோட் அடிக்கும் நாள் ஐப்பசியில் வந்து விழுந்தது. கோயமுத்தூரில் அடைமழை. 0.3 மி.மீ ஏர்பிரஷ், 20 பி.எஸ்.ஐ, ஒரு பங்கு லேக்கர் பெயின்ட்டுக்கு இரண்டு பங்கு தின்னர். அடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருந்தது. கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் கூரை, பானட், கதவு எல்லாம் பால் பூத்துக் கிடந்தன, திராட்சைப் பழத்தின் மேல் படிந்திருக்குமே, அந்த மாதிரி வெள்ளை. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பெயின்ட் குளிர்கிறது, காற்றில் உள்ள ஈரம் அதன் மேல் படிகிறது. மறுநாள் 350 ரூபாய்க்கு ஈரப்பத மீட்டர் வாங்கினேன். 84 சதவீதம் காட்டியது. இப்போது என் கணக்கு: 65க்கு மேல் காட்டினால் ஏர்பிரஷைத் தொடுவதில்லை.

வெயில் தலைகாட்டிய நாளில், மெதுவாகக் காயும் ரிட்டார்டர் தின்னரை மட்டும் மெல்லிசாக அடித்தேன். பெயின்ட் மறுபடி இளகி, சிக்கிய ஈரம் வெளியேறி, வெள்ளை கண்ணெதிரே மறைந்தது. கூரையின் பின் ஓரத்தில் மட்டும் ஒரு விரல் நகம் அளவுக்கு மிஞ்சியது. அதை 2000 நம்பரில் தேய்த்து மறுபடி அடித்தேன்.

காயவைக்க ஒரு அட்டைப்பெட்டியில் 40 வாட் குண்டு பல்பு, உள்ளே தெர்மாமீட்டர். 45 டிகிரியைத் தாண்டவிடக்கூடாது, பிளாஸ்டிக் இளகும். கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியேதான். நிறமில்லாத கிளியர் கோட் அடித்து, மூடியை ஒரு விரல் திறந்து வைத்து, பல்பைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். முந்தின நாள் மழை விட்டிருந்த சாயங்காலம். உங்களுக்கே புரிந்திருக்கும்.

“அப்பா, உங்க கார்ல ஈசல்” என்றாள் மகள்.

பானட்டின் நட்டநடுவில் ஒன்று. நான்கு இறக்கையும் கிளியரில் விரிந்து ஒட்டி, உடம்பு மட்டும் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. இறக்கையின் நரம்புகள் ஒவ்வொன்றும் தெரிந்தன, அச்சடித்த மாதிரி. இடுக்கியை எடுத்துவிட்டேன். அப்புறம் வைத்துவிட்டேன். ஈரத்தில் பிடுங்கினால் அடிக்கோட் வரை கிழியும். உடம்பு தானே கழன்று போனது, இறக்கைகள் தங்கின. நான்கு நாள் காயவிட்டு, 2000 நம்பர் தாளைப் பென்சில் ரப்பரில் சுற்றி, சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்ததில் மூன்றே முக்கால் இறக்கை போனது. பிறகு ஒரு கிளியர் கோட், காம்பவுண்ட், பாலிஷ். சாய்த்துப் பிடித்து டார்ச் அடித்தால் ஒரு நரம்பு இன்னும் தெரிகிறது. விட்டுவிட்டேன்.

இனி எஞ்ஜின். இதற்கு ‘ஃபிளாட்ஹெட்’ என்று பெயர். வால்வெல்லாம் சிலிண்டர்கள் உள்ள பிளாக்கிலேயே இருப்பதால், அதை மூடும் ஹெட் தட்டையாக இருக்கும். ஸ்பார்க் பிளக்குகள் மேலே பார்த்தபடி நிற்கும். எட்டு பிளக்குக்கும் வயர் போட்டே தீர வேண்டும் என்பது ஆரம்பத்திலிருந்தே ஆசை. நிஜ பிளக் வயர் 7 மி.மீ தடிமன். 32 கேஜ் எனாமல் கம்பி 0.274 மி.மீ. 25-ஆல் பெருக்கிப் பாருங்கள், 6.85. நம் ஊரில் மோட்டார் ரீவைண்டிங் கடைக்கா பஞ்சம்? தெருமுனைக் கடை அண்ணனிடம் கேட்டேன். கீழே கிடந்த சுருளிலிருந்து இரண்டு முழம் கிள்ளிக் கொடுத்தார். “ஏனுங் தம்பி, கொசுவுக்கு மோட்டார் கட்டறீங்ளா?” காசு வாங்கவில்லை.

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரில் 0.35 மி.மீ துளை எட்டு. கைத்துரப்பணம், பூதக்கண்ணாடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு. மூன்று பிட் உடைந்தது. ஒன்று துளைக்குள்ளேயே சமாதி. அதன் மேலேயே வயரை ஒட்டிவிட்டேன். 1-5-4-8-3-6-7-2 என்ற ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் பற்றும் வரிசை) பார்த்து ஒவ்வொன்றாக அந்தந்த பிளக்குக்கு இழுத்தேன். யாரும் சரிபார்க்கப் போவதில்லை, இருந்தாலும். பெர்மனன்ட் மார்க்கரால் கறுப்பாக்கினேன். எஞ்ஜினை மட்டும் தனியே பார்த்தபோது எனக்கே கர்வமாக இருந்தது.

எஞ்ஜினைச் சேஸிஸில் ஒட்டினேன். ரேடியேட்டர் கூட்டை வைத்தேன். நிற்கவில்லை, மூக்கு முன்னால் சாய்ந்தது. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை விட்டுப் பார்த்தால் 1.25 மி.மீ.

இந்த எஞ்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம், ஃபேனுக்குப் பின்னாலேயே இருக்கிறது. எட்டு வயரும் அங்கிருந்து முன்னால் வளைந்து கிளம்பி, கொத்தாக ஃபேனைத் தள்ளிக்கொண்டிருந்தன. ஃபேனைத் தேய்த்தேன். ரேடியேட்டரின் முதுகைத் தேய்த்தேன், அரை மில்லி கிடைக்கும் என்று. அது போதாததற்கு ஒரு மூலை ஓட்டையாகிவிட்டது. எஞ்ஜினையே பின்னால் தள்ளலாம் என்றால் பசை போட்டாயிற்று. மூன்று வாரம் இப்படி.

பிறகு பழைய எஞ்ஜின் படங்களை நிதானமாகப் பார்த்தேன். அசலில் வயர்கள் இப்படிக் கூந்தல் மாதிரி பறப்பதே இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரின் இரண்டு பக்கத்திலிருந்தும் நான்கு நான்காகக் கிளம்பி, உலோகக் குழாய்க்குள் புகுந்து, ஹெட் ஓரமாகப் பின்னால் போகின்றன. எனக்கு இடம் போதாத அதே இடம்தான் அவர்களுக்கும் போதவில்லை.

எட்டையும் பிடுங்கினேன். குழாய்க்கு 18 கேஜ் ஊசி, மெடிக்கல் ஷாப்பில் ஒன்று சில்லறைக் காசு. வெளி விட்டம் 1.27, உள்ளே 0.84. நான்கு கம்பி நுழைகிறது. எஃகில் பக்கத் துளை போட என்னால் ஆகாது. அதனால் வெட்டுச் சக்கரத்தால் 4 மி.மீ துண்டுகளாக நறுக்கி, துண்டுகளுக்கு நடுவே மயிரிழை சந்து விட்டு, ஒவ்வொரு சந்திலும் ஒரு கம்பியை வெளியே எடுத்தேன். ஒரு அடி தள்ளி நின்று பார்த்தால் ஒரே குழாய்தான். நறுக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். ஒரு துண்டு தெறித்துச் சுவர்க் கடிகாரத்தில் பட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரிதான் கூடு உட்கார்ந்தது.

டயரைப் பற்றி ஒரு வரி: கிட்டோடு வரும் மெத்தென்ற வினைல் டயர், வருஷக்கணக்கில் தொட்டுக்கொண்டே இருந்தால் ரிம்மைக் கரைத்துவிடும். போன மாடலில் பட்டேன். இதில் ரிம்மைச் சுற்றி சமையலறை அலுமினியத் தாள் ஒரு சுற்று.

செலவு: கிட் தபாலோடு 3,400. பெயின்ட், பிரைமர், கிளியர் எல்லாம் 1,900. ஸ்டைரீன் பட்டை 420, பசை 380, ஈரப்பத மீட்டர் 350, துரப்பண பிட் செட் 300, ரம்ப பிளேடு 120, ஊசியும் மைக்ரோபோரும் 60. ஆக 6,930 ரூபாய். கம்ப்ரெசரும் ஏர்பிரஷும் முன்பே இருந்தவை. மணிக்கணக்கு போடவில்லை, வீட்டில் யாராவது படித்துத் தொலைப்பார்கள்.

அடுத்த தடவை கூரையை அறுக்கும் முன் உடம்பின் பக்கத் தோற்றத்தை ஜெராக்ஸ் எடுத்து, காகிதத்தைக் கத்தரித்து இறக்கிப் பார்ப்பேன். எங்கே எத்தனை மில்லி விலகும் என்று காசில்லாமல் தெரிந்துவிடும். பெயின்ட் வேலை ஆடியோடு முடிய வேண்டும். எஞ்ஜினில் எதைச் சேர்த்தாலும் ரேடியேட்டரை மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் பசை.

திங்கட்கிழமை சாயங்காலம் ரீவைண்டிங் அண்ணனிடம் காட்ட எடுத்துப்போனேன். கம்பி அவருடையதாயிற்றே. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டேபிள் லைட்டுக்குக் கீழே வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். வயரைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், சக்கரத்தைச் சுண்டிவிட்டார்.

“எல்லாஞ் செரிங் தம்பி. ரெண்டு ஹெட்டு இருக்குது. தண்ணி எது வழியாப் போகுது?”

இடைவெளியைச் சரிக்கட்டும் அவசரத்தில் ரேடியேட்டர் ஹோஸ்களைக் கழற்றி வைத்தவன், திரும்ப மாட்டவே இல்லை. மேலே இரண்டு, கீழே இரண்டு, நான்கும். கிட்டில் வந்தவை எங்கே போயின என்றும் தெரியவில்லை. நல்லவேளை, கூட்டுக்கு இன்னும் பசை போடவில்லை. அண்ணன் மேஜை இழுப்பறையைத் துழாவி 2 மி.மீ ஈயக்கம்பி ஒரு சாண் எடுத்துக் கொடுத்தார். ஹோஸ் தடிமனுக்குக் கிட்டத்தட்ட சரி, கையாலேயே வளையும். ரேடியேட்டர் இப்போது மறுபடி வெளியே, தட்டில் இருக்கிறது.